கராஜ் கூரையில் தேங்கும் மழைநீர்: காரணம் கண்டு வாட்டத்தைச் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

மழை ஓய்ந்து இரண்டு நாள் ஆன பிறகும் கராஜின் தட்டைக் கூரையில் தண்ணீர் நின்றுகொண்டிருந்தால், பெரும்பாலோர் முதலில் வாங்கி வருவது ஒரு வாளி வாட்டர் ப்ரூஃப் பெயிண்டைத்தான். நானும் அதையே செய்தேன். அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு முறை செய்தேன். ஒழுகல் சில மாதங்களுக்கு நின்றதே தவிர, தண்ணீர் பழைய இடத்திலேயே நின்றது. மூன்றாம் ஆண்டில் மட்டம் பார்த்தபோதுதான், மழைநீர்க் குழாயின் வாய் சுற்றியுள்ள தளத்தைவிட 12 மி.மீ. மேடாக இருப்பது தெரிந்தது. பூச்சு தண்ணீரை உள்ளே விடாமல் தடுக்கும். வாட்டம், அதாவது வாயை நோக்கிய தளத்தின் சரிவுதான் தண்ணீரை வெளியே அனுப்பும். ஆகவே கலவையைக் கையில் எடுக்கும் முன், தண்ணீர் ஏன் அந்த இடத்தில் நிற்கிறது என்பதைக் கண்டுபிடிப்பதில்தான் இந்த வேலையின் பாதி அடங்கியிருக்கிறது.

முதலில், இது குறைதானா?

தட்டைக் கூரை என்று பெயர் இருந்தாலும் எந்தக் கூரையும் முழுத் தட்டையாக இருக்கக் கூடாது. மழை நின்று, நல்ல காற்றும் வெயிலும் இருந்து, 48 மணி நேரம் கடந்த பின்னும் தண்ணீர் நின்றால் அதைத் தேக்கம் என்று கொள்வது கூரை வேலையில் பரவலாக உள்ள அளவுகோல். மறுநாள் காலையில் மெல்லிய படலமாக இருந்து மதியத்துக்குள் காய்ந்துவிடும் ஈரத்துக்காகத் தளத்தைக் கொத்த வேண்டியதில்லை.

தேக்கத்தின் எடையைக் கணக்கிடுவது எளிது. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் ஒரு லிட்டர், அதாவது ஒரு கிலோ. 6 சதுர மீட்டர் பரப்பில் 25 மி.மீ. ஆழம் நின்றால் 150 கிலோ. கான்கிரீட் தளம் இதைத் தாங்கிக்கொள்ளும்; ஆனால் மரக் கட்டைகளின் மேல் பலகை அடித்துத் தார்த் தாள் ஒட்டிய கூரை இந்த எடையில் சற்றே தொய்யும், தொய்ந்த பள்ளத்தில் அடுத்த மழை இன்னும் கூடுதலாக நிற்கும், அந்தக் கூடுதல் எடை பள்ளத்தை மேலும் ஆழமாக்கும். மரக் கூரையில் தேக்கத்தைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். இதைத் தவிர, நின்ற நீரில் பாசியும் கொசுப் புழுவும் சேரும். வெயில் காலத்தில் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்தை எட்டுவதற்கு ஒரு வாரத்தை ஒட்டிய காலமே போதும்.

படி 1: மழை நின்றவுடன் மேலே ஏறிக் கோடு போடுங்கள்

காய்ந்த தளத்தைப் பார்த்துப் பள்ளத்தை ஊகிக்க முடியாது. மழை நின்ற பிறகு, கூரை வழுக்காது என்று உறுதிசெய்துகொண்டு ஏறி, தண்ணீரின் விளிம்பைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு இழுக்க வேண்டும். ஈரத்தில் சாக்பீஸ் பிடிக்காவிட்டால் மெழுகுக் கட்டியால் இழுக்கலாம். மறுநாள் அதே நேரத்தில் சுருங்கிய விளிம்பைச் சுற்றி இரண்டாவது கோடு, மூன்றாம் நாள் மூன்றாவது கோடு. இந்த வளையங்கள் பள்ளத்தின் உருவத்தை அப்படியே வரைந்து காட்டும். கோடுகள் நெருங்கியிருக்கும் பக்கம் தளம் சட்டென்று இறங்குகிறது. விலகியிருக்கும் பக்கம் மெதுவாக இறங்குகிறது. ஒவ்வொரு வளையத்தின் நடுவிலும் ஓர் எஃகு அளவுகோலை நிறுத்தி ஆழத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மழைக்காகக் காத்திருக்க முடியாதவர்கள் குழாய்நீரைப் பீய்ச்சிப் பார்க்கலாம். அதற்கும் வழியில்லையென்றால், தளத்தில் படிந்திருக்கும் வண்டலே சாட்சி சொல்லும்: தண்ணீர் நெடுநாள் நின்ற இடத்தில் நுண்ணிய மண் படிந்து, காய்ந்து, சிறு சிறு சில்லுகளாக வெடித்து, ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டிருக்கும்.

இங்கே பாதுகாப்பைப் பற்றி ஒரு சொல். கூரை பழைய கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) சிமெண்ட் ஷீட்டாக இருந்தால் அதன் மேல் கால் வைக்கவே கூடாது. அது முன்னறிவிப்பின்றி உடையும். அதை அறுப்பதும் தேய்ப்பதும் துளையிடுவதும் நுரையீரலுக்குக் கேடான தூசியைக் கிளப்பும் என்பதால், அத்தகைய கூரைக்கு இந்த வழிகாட்டி பொருந்தாது.

படி 2: நீர் வெளியேறும் வாயைச் சோதியுங்கள்

இலைச் சருகு, பறவைக் கூடு, பழைய பூச்சின் உரிந்த தோல், யாரோ போட்டு மறந்த சிமெண்ட் கட்டி ஆகிய எல்லாவற்றையும் கையால் எடுத்துவிட்டு, ஒரு வாளித் தண்ணீரை நேராக வாயில் ஊற்ற வேண்டும். தடையில்லாமல் கீழே கொட்டினால் குழாய் நன்றாக இருக்கிறது. கொப்பளித்து மேலே ஏறினால் அடைப்பு கீழே இருக்கிறது; அதை நீக்கினாலே பல கூரைகளின் தொல்லை அன்றோடு முடிந்துவிடும்.

குழாய் சிறியதாக இருப்பதால்தான் நீர் நிற்கிறது என்று சொல்லப்படுவதை நான் அவ்வளவாக ஏற்பதில்லை. 6 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள கராஜின் பரப்பு 18 சதுர மீட்டர். மணிக்கு 100 மி.மீ. என்ற கடும் மழையிலும் அதில் விழுவது மணிக்கு 1,800 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 30 லிட்டர். 75 மி.மீ. விட்டமுள்ள ஒரே குழாய் இதைச் சிரமமின்றி இறக்கிவிடும். மழை பெய்யும்போது மட்டும் நீர் ஏறி, பிறகு வடிந்தால் குழாயைச் சந்தேகிக்கலாம். மழை நின்று இரண்டு நாளாகியும் நின்றால் குழாயின் விட்டத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

படி 3: மட்டம் பாருங்கள்

இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். கொத்தனார்கள் பயன்படுத்தும் மட்டக் குழாய், அதாவது தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாய் போதும். லேசர் மட்டம் இருந்தால் வேலை விரைவாக முடியும், அவ்வளவுதான். மட்டக் குழாயில் ஒரு காற்றுக்குமிழிகூட இருக்கக் கூடாது. இருந்தால் இரு முனைகளிலும் நீர் ஒரே உயரத்தில் நிற்காது. இரு முனைகளையும் அருகருகே பிடித்து, நீர் சமமாக நிற்கிறதா என்று பார்த்த பிறகே தொடங்க வேண்டும்.

கைப்பிடிச் சுவரைச் சுற்றி, தளத்திலிருந்து ஏறத்தாழ 20 செ.மீ. உயரத்தில், ஒரே மட்டத்தில் புள்ளிகளைக் குறித்து, எதிரெதிர்ப் புள்ளிகளுக்கிடையே நூலை இறுக்கிக் கட்ட வேண்டும். கைப்பிடிச் சுவர் இல்லாத கூரையில் ஓரங்களில் செங்கற்களை அடுக்கி நூலைக் கட்டலாம். பிறகு அரை மீட்டருக்கு ஓரிடமாக, நூலிலிருந்து தளம் வரையுள்ள இறக்கத்தை அளந்து, அந்த எண்ணைத் தளத்திலேயே எழுதிவிட வேண்டும். எண் பெரிதாக இருந்தால் அந்த இடம் தாழ்வு. சிறிதாக இருந்தால் மேடு. அளக்கும்போது இது எளிதில் தலைகீழாகக் குழம்பும்.

என் கூரையில் பின்சுவரை ஒட்டி 205, குழாயைச் சுற்றிய தளத்தில் 226, குழாய் வாயின் விளிம்பில் 214 என்று வந்தது. மூன்று எண்களிலும் கதை முழுவதும் இருந்தது. தளத்துக்குப் பின்சுவரிலிருந்து குழாய் வரை 3 மீட்டருக்கு 21 மி.மீ. வாட்டம் ஏற்கெனவே இருந்தது; குறைவுதான், ஆனால் இருந்தது. தண்ணீர் குழாய் வரை வந்து, வாசற்படியில் தடுக்கப்பட்டு நின்றிருக்கிறது.

படி 4: அடியிலிருந்தும் பாருங்கள்

கராஜின் உள்ளே நின்று கூரையின் அடிப்பகுதியை நோக்க வேண்டும். கான்கிரீட்டில் கம்பி போகும் பாதையில் துருக்கறை, பெயர்ந்த பூச்சு, தட்டினால் பொள்ளென்று கேட்கும் ஒலி, சுவரிலிருந்து சுவர் வரை ஓடும் விரிசல் ஆகியவற்றில் ஏதேனும் தென்பட்டால், மேலே எடையேற்றும் எந்த வேலைக்கும் முன் கட்டடப் பொறியாளர் ஒருவரைக் காட்டியாக வேண்டும். மரக் கூரையில் ஒவ்வொரு கட்டையையும் திருப்புளியின் முனையால் குத்திப் பாருங்கள். முனை எளிதாக உள்ளே இறங்கினால் மரம் உளுத்திருக்கிறது. கட்டையின் அடியில் இருமுனைக்கும் நூல் பிடித்துப் பார்த்தால், நடுவில் எவ்வளவு தொய்ந்திருக்கிறது என்பது மில்லிமீட்டர் கணக்கில் தெரிந்துவிடும்.

படி 5: தீர்வைத் தேர்ந்தெடுத்தல்: உயர்த்தும் முன் தாழ்த்துங்கள்

தளத்தை உயர்த்தி வாட்டம் கொடுப்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. நான் அதைக் கடைசியில்தான் வைப்பேன். கணக்கைப் பாருங்கள். தட்டைக் கூரைக்கு 1-க்கு 80 என்ற வாட்டம், அதாவது 80 செ.மீ. தூரத்துக்கு 1 செ.மீ. இறக்கம், குறைந்த அளவாகப் பரவலாக ஏற்கப்பட்டது. மேற்சொன்ன 6 மீட்டர் நீளக் கூரைக்கு நீளவாக்கில் இந்த வாட்டம் கொடுக்க ஒருமுனை 75 மி.மீ. உயர வேண்டும். தாழ்ந்த முனையில் குறைந்தது 20 மி.மீ. கனம் வேண்டும் என்பதால் சராசரிக் கனம் 57 மி.மீ.க்கு மேல் போகும். 18 சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கன மீட்டர் சிமெண்ட் கலவை, இரண்டு டன்னுக்கும் கூடுதலான எடை. அதே கூரைக்கு அகலவாக்கில், 3 மீட்டர் பக்கமாக வாட்டம் கொடுத்தால் 37 மி.மீ. உயர்த்தினால் போதும், எடை ஒன்றரை டன்னுக்குள் அடங்கும். திசையை மாற்றியதிலேயே மூன்றில் ஒரு பங்கு எடை போய்விட்டது. ஆனாலும் அது சதுர மீட்டருக்கு 80 கிலோ. ஆட்கள் புழங்காத கூரைகள் பல இடங்களில் சதுர மீட்டருக்கு 60 முதல் 100 கிலோ வரையிலான கூடுதல் பாரத்துக்கே கணக்கிடப்படுகின்றன என்பதால், கிட்டத்தட்ட முழுக் கையிருப்பையும் நாமே தின்றுவிடுகிறோம்.

ஆகவே வரிசை இப்படி அமைய வேண்டும். வாய் மேடாக இருந்தால் வாயைத் தாழ்த்துங்கள். பள்ளம் வாயிலிருந்து தொலைவில், ஆனால் கைப்பிடிச் சுவரை ஒட்டி இருந்தால், அந்த இடத்திலேயே சுவரைத் துளைத்து இரண்டாவது வாய் வையுங்கள். பள்ளம் நடுவில், சிறிதாக, 10 முதல் 25 மி.மீ. ஆழத்தில் இருந்தால் அதை மட்டும் நிரப்புங்கள். இவை எதுவும் பொருந்தாதபோது மட்டுமே கூரை முழுவதற்கும் புது வாட்டம். அப்போதும் சிமெண்ட் கலவைக்குப் பதிலாகச் சரிவாக வெட்டப்பட்ட தெர்மோகோல் அல்லது வேறு காப்புப் பலகைகளைப் பதித்து, அதன் மேல் நீர்த்தடுப்புத் தாளை விரிக்கலாம். 40 மி.மீ. சராசரிக் கனமுள்ள தெர்மோகோல் பலகை சதுர மீட்டருக்கு ஒரு கிலோகூட வராது. அதை ஒட்டக் கரைப்பான் கலந்த பசையைப் பயன்படுத்தக் கூடாது, பலகையே கரைந்துவிடும்.

படி 6: வாயைத் தாழ்த்துதல்

வாய் கைப்பிடிச் சுவரின் ஊடாகப் போனால் வேலை எளிது. பழைய குழாய்த் துண்டைச் சுற்றிக் கொத்தி எடுத்து, துளையின் அடியைத் தளத்தைவிட 10 முதல் 15 மி.மீ. தாழ இருக்குமாறு வெட்டி, வெளிப்பக்கம் சற்றே சாய்ந்த நிலையில் புதுக் குழாயை வைத்து, சுருங்காத கலவையால் சுற்றிலும் அடைக்க வேண்டும். குழாய் சுவரின் வெளி முகத்தைத் தாண்டி 10 செ.மீ. யாவது நீண்டிருக்கட்டும், இல்லாவிட்டால் தண்ணீர் சுவரை நனைத்துக்கொண்டே இறங்கும்.

வாய் தளத்தின் நடுவே செங்குத்தாக இறங்கினால் கவனம் கூட வேண்டும். வாயைச் சுற்றி 30 செ.மீ. ஆரத்துக்கு, மேலிருக்கும் பழைய ஒட்டுப் பூச்சை மட்டும் உளியால் மெதுவாகக் கொத்தி எடுக்க வேண்டும். கம்பி கண்ணில் பட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். கம்பியை வெட்டுவதோ வளைப்பதோ கூடாது. பழைய விளிம்பை அறுத்துவிட்டு, புது விளிம்பைத் தளத்துக்கு 10 மி.மீ. கீழே அமைத்து, கொத்திய வட்டத்தை ஆழமில்லாத தட்டு போல வாயை நோக்கிச் சரித்து மெழுக வேண்டும். என் கூரையில் இந்த ஒரு வேலைக்குப் பின் விளிம்பின் அளவு 214-லிருந்து 236 ஆயிற்று. பின்சுவரிலிருந்து வாய் வரை 31 மி.மீ. இறக்கம்; 1-க்கு 80 இல்லைதான், ஆனால் 1-க்கு 100-ஐ ஒட்டி வந்துவிட்டது. தளத்தில் ஒரு கிலோ எடைகூட ஏறவில்லை.

ஒரே வாய் உள்ள கூரைக்கு, தளத்திலிருந்து 5 செ.மீ. உயரத்தில் கைப்பிடிச் சுவரில் ஒரு வழிவாய், அதாவது வாய் அடைத்துக்கொண்டால் நீர் வழிந்தோட ஒரு துளை, கட்டாயம் வைக்க வேண்டும் என்பேன். 18 சதுர மீட்டர் கூரையில் 30 செ.மீ. உயரக் கைப்பிடிச் சுவர் முழுவதும் நிரம்பினால் நிற்பது 5,400 கிலோ தண்ணீர். ஒரு பிளாஸ்டிக் பை வாயை மூடினால் அதுவே போதும், இது நடந்துவிடும்.

படி 7: கான்கிரீட் தளத்தில் பள்ளத்தை நிரப்புதல்

சாக்பீஸ் வளையங்களில் வெளிக்கோட்டுக்கு 5 செ.மீ. தள்ளி, நேர்கோடுகளால் ஒரு கட்டம் வரைந்து, அந்தக் கோட்டின் மேல் அறுக்கும் எந்திரத்தால் 8 முதல் 10 மி.மீ. ஆழத்துக்கு வெட்ட வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விளிம்பை வெட்டாமல் கலவையைத் தேய்த்து இழுத்தால், ஓரம் காகிதம் போல மெலிந்து, முதல் வெயிலிலேயே சுருண்டு பெயரும். வெட்டிய கோட்டிலிருந்து உள்நோக்கிக் கொத்திவிட்டால், ஓரத்திலும் கலவைக்கு ஒரு கனம் கிடைக்கும். 10 மி.மீ.க்கு மேல் வெட்ட வேண்டாம். கூரைக் கம்பிக்கு மேல் கான்கிரீட் அதிகம் இருப்பதில்லை.

பழைய பெயிண்ட், பாசி, எண்ணெய்க் கறை யாவும் போக வேண்டும். பெயிண்டின் மேல் போட்ட கலவை பெயிண்டைத்தான் பிடித்துக்கொள்ளும், தளத்தை அல்ல. கம்பித் தூரிகையால் தேய்த்துத் தூசியைக் கழுவி, முதல் நாள் இரவே தளத்தை நன்றாக நனைத்து ஊறவிட்டு, மறுநாள் காலையில் மேலே நிற்கும் நீரைத் துடைத்துவிட வேண்டும். தளம் உள்ளே ஈரமாகவும் மேலே மினுமினுப்பு இல்லாமலும் இருக்கும் நிலைதான் சரியானது. வறண்ட தளம் கலவையின் நீரை உறிஞ்சிவிடும். பிறகு கலவை இறுகாமல் மாவாக உதிரும்.

பள்ளத்தின் ஆழம் 20 மி.மீ.க்குக் குறைவானால் சாதாரண சிமெண்ட் கலவை நிலைக்காது. மெல்லிய கனத்துக்கென்றே விற்கப்படும் பாலிமர் கலந்த பழுதுபார்ப்புக் கலவையை வாங்கிக்கொள்ளுங்கள். 20 மி.மீ.க்கு மேல் என்றால் ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு சலித்த மணல் போதும். இரண்டுக்கும் அடியில் லேடெக்ஸ் பாலும் சிமெண்டும் குழைத்த பிடிப்புப் பூச்சைத் தூரிகையால் அழுத்தித் தேய்க்க வேண்டும். அது காய்வதற்குள், ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே கலவை விழ வேண்டும். காய்ந்துவிட்டால் அதுவே பிரிக்கும் தோலாகிவிடும். சுரண்டி எடுத்துவிட்டு மீண்டும் பூச வேண்டும். ஆகவே ஒரு சதுர மீட்டருக்கு மேல் ஒரே நேரத்தில் பூசாதீர்கள்.

கலவையின் பதம் கையில் தெரியும். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும். விரலிடுக்கில் நீர் கசியக் கூடாது. நீர் கூடிய கலவை பரப்புவதற்குச் சுகமாக இருக்கும், காய்ந்தபின் சுருங்கி வெடிக்கும். பரப்பி, கரணையால் குத்தி இறுக்கி, நீண்ட மட்டக்கட்டையின் ஒரு முனையை மேட்டிலும் மறுமுனையை வாய்ப் பக்கத்திலும் வைத்து இழுத்து, மரக்கட்டையால் தேய்த்து முடிக்க வேண்டும். உச்சி வெயிலில் இந்த வேலையைச் செய்ய வேண்டாம். சாதாரணக் கலவையென்றால் சில மணி நேரத்தில் ஈரச் சாக்கைப் போர்த்தி 7 நாள் நனைத்துவர வேண்டும்; பாலிமர் கலவைக்குப் பையில் எழுதியிருக்கும் முறையையே பின்பற்ற வேண்டும், ஏனெனில் அவற்றில் சில தொடர்ந்து நனைப்பதை விரும்புவதில்லை.

படி 8: மரக் கூரையானால்

தொய்ந்த மரக் கூரையின் மேல் சிமெண்ட் கலவையோ தாரோ ஊற்றி நிரப்புவது பெருந்தவறு. எடையைக் கூட்டித் தொய்வை வளர்க்கும். பழைய தார்த் தாளையும் ஊறிய பலகையையும் எடுத்துவிட்டு, தொய்ந்த கட்டையின் பக்கவாட்டில் அதே அளவுள்ள புதுக் கட்டையைச் சேர்த்துப் போல்ட் போட்டு முடுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு கட்டையின் மேலும், ஒருமுனை உயர்ந்து மறுமுனை தாழ்ந்த ஆப்பு வடிவச் சட்டத்தை அறைந்து, அதன் மேல் 18 மி.மீ. வெளிப்புறத் தர பிளைவுட்டை ஸ்க்ரூ போட்டுப் பொருத்தினால், வாட்டம் மரத்திலேயே அமைந்துவிடும். சட்டத்தை 1-க்கு 40 வாட்டத்துக்கு அறுக்கச் சொல்லுங்கள். மரம் காலப்போக்கில் சற்றுத் தொய்ந்த பிறகும் 1-க்கு 80 மிஞ்சும். மேலே ஒட்டும் தாளுக்குத் தீச்சுடர் அடிக்கும் முறையை விட்டுத் தானே ஒட்டும் தாளையோ குளிர்ப் பசையையோ தேர்ந்தெடுப்பது நல்லது. பலகை இடுக்கில் நுழைந்த பொறி மணிக்கணக்கில் கனன்று பிறகு பற்றும்.

படி 9: நீர்த்தடுப்புப் பூச்சு

இப்போதுதான் பூச்சின் முறை. புதுக் கலவை காய்ந்துவிட்டதா என்று அறிய, 45 செ.மீ. சதுரமான பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி, 16 மணி நேரம் கழித்துத் திறக்க வேண்டும். அடியில் வியர்த்திருந்தால் இன்னும் சில நாள் பொறுக்க வேண்டும். இல்லாவிட்டால் பூச்சு கொப்புளம் கட்டும்.

நீரை அடிப்படையாகக் கொண்ட அக்ரிலிக் பூச்சுகள் வெயிலைத் தாங்கும், நின்ற நீரைத் தாங்குவதில்லை. நாள்பட ஊறினால் மென்மையாகிப் பிடி விடும். ஓரளவு தேக்கம் மிஞ்சக்கூடிய கூரைக்குப் பாலியூரிதேன் அல்லது சிலிகான் வகை ஏற்றது. சிலிகான் பூசிய பிறகு அதன் மேல் சிலிகானைத் தவிர வேறெதுவும் ஒட்டாது என்பதை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். சுவரும் தளமும் சேரும் மூலையை முதலில் கலவையால் உருட்டிவிட்டு, வலைத்துணி பதித்து, சுவரில் 15 செ.மீ. உயரம் வரை பூச்சை ஏற்ற வேண்டும். வாய்க்குள்ளும் விரல் நுழையும் ஆழம் வரை பூச்சு இறங்க வேண்டும். இரண்டாம் பூச்சு முதலாவதற்குக் குறுக்காக அமையட்டும். அளவை மறக்காதீர்கள்: சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் பூசினால் ஈரக்கனம் 1 மி.மீ. வாளியில் 18 சதுர மீட்டருக்கு என்று எழுதியிருந்து உங்களுக்கு 30 சதுர மீட்டருக்கு வந்துவிட்டால், நீங்கள் மிச்சம் பிடிக்கவில்லை, மெலிதாகப் பூசியிருக்கிறீர்கள்.

படி 10: சோதனை

பூச்சு முழுதாக இறுகிய பின், கான்கிரீட் கூரையில் வாயைத் துணியால் அடைத்து, தாழ்ந்த இடத்தில் 25 மி.மீ.க்கு மேற்படாமல் நீர் நிறுத்தி 24 மணி நேரம் அடியில் ஈரம் தெரிகிறதா என்று பார்க்கலாம். மரக் கூரையில் நீரை நிறுத்தாமல், குழாயால் ஒரு மணி நேரம் பீய்ச்சினால் போதும். அடைப்பை எடுத்தவுடன் தண்ணீர் எந்தப் பாதையில் ஓடுகிறது, எங்கே தயங்குகிறது என்பதை நின்று பாருங்கள். தயங்கும் இடத்தில் மீண்டும் ஒரு சாக்பீஸ் வளையம் போட்டு, இரண்டு நாள் கழித்து ஏற வேண்டும். வளையத்துக்குள் 2, 3 மி.மீ. ஈரம் இருந்து காய்ந்துகொண்டிருந்தால் விட்டுவிடலாம். அளவுகோலில் 5 மி.மீ.க்கு மேல் இருந்தால், அந்த ஒரு வளையத்துக்கு மட்டும் பூச்சைச் சுரண்டி ஏழாம் படியிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும்.